வேலை போச்சா? வழியிலேயே இருக்கு இன்னொரு வேலை!

பல்லாவரத்திலிருந்து ரேடியல் ரோடு வழியாக ஓ.எம்.ஆருக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். 2025 ஜூலையில் டி.சி.எஸ் மட்டுமே சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. வேலை இழந்தவர்களில் சிலர், 'இனி பருவநிலை சார்ந்த டெக் வேலைதான்' என்று தேடுகிறார்கள்.

தினமும் கடந்துபோன பள்ளிக்கரணையிலேயே தேசிய காற்று ஆற்றல் நிறுவனமும், தேசிய கடல் தொழில்நுட்பக் கழகமும் இருக்கின்றன. காற்றாலை மின்சாரத்தை முன்கூட்டியே கணிக்கவும், கடல் மிதவைகள் அனுப்பும் தகவலை அலசவும் டேட்டா, கோடிங் தெரிந்தவர்கள் தேவை. ஆனால், புராஜெக்ட் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில்தான். இ.எம்.ஐ கட்டுபவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ரெஸ்யூமில் 'பருவநிலையில் ஆர்வம்' என்று எழுதினால் போதாது. 2015 வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூரின் மழை அளவையும், தெருக்களின் உயரத்தையும் வைத்து ஒரு மேப் செய்து காட்டலாம். இன்டர்வியூவில் அதுதான் பேசும்!