விதி தெளிந்தால் வழக்கு குறையும்

பதவி உயர்வின்றித் தேங்கும் மத்திய அரசு ஊழியர்க்கு 10, 20, 30 ஆண்டுப் பணி நிறைவில் ஊதிய உயர்வு அளிக்கும் திட்டம் 2008 செப்டம்பர் முதல் நடப்புக்கு வந்தது. உயர்வு என்பது மேற்பதவியின் ஊதியமா, அட்டவணையின் அடுத்த படியா? உயர் நீதிமன்றங்கள் மாறுபட்டுத் தீர்ப்புக் கூறின. அடுத்த படியே என உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் முடிவு செய்தது. அதற்குள் பலர் ஓய்வு பெற்றுவிட்டனர்.

உரிமை கோரி வழக்காடுதல் குற்றமன்று. இருபொருள் தரும் விதியே குற்றம். சின்னாளப்பட்டி நெசவாளராயினும் திண்டுக்கல் சமவெளி விவசாயியாயினும், தம் சங்கத்து எழுத்தருக்கும் விற்பனையாளருக்கும் எந்த ஆண்டில் எந்த உயர்வு என்பதைத் துணைவிதியில் ஐயமற எழுதி, மகாசபையில் படித்துக் காட்டச் செய்தல் வேண்டும் என்பது நம் கருத்து. வழக்கு மூண்டால் செலவாவது அங்கத்தினர் பணம். பாவிலேயே சிக்கல் எடுத்தால் தறியில் இழை அறாது.