மாட்டுச் சீம்பாலுக்கு அடிதடி... தாயின் சீம்பால் தரையிலா?

ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் மாடு கன்று போட்டால் தெருவுக்கே சேதி தெரிந்துவிடும். சீம்பாலில் வெல்லம், ஏலக்காய் போட்டு அவித்தால் துண்டுக்கு அடிதடிதான். அதே வீட்டில் மகளுக்குப் பிள்ளை பிறந்தால், "அது கெட்ட பாலும்மா, பீய்ச்சி விட்டுரு" என்று சொல்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். மஞ்சளாக, பிசுபிசுவென்று, சொட்டுச் சொட்டாக வருவதைப் பார்த்தால் பால் மாதிரி தெரியாதுதான்!

ஆனால், விஷயமே அந்தச் சொட்டில்தான் இருக்கிறது. பிறந்த குழந்தையின் குடல் இன்னும் முழுதாக முதிராதது. பிறக்கும் நிமிடத்திலிருந்தே கிருமிகள் உள்ளே போக ஆரம்பிக்கின்றன. சீம்பாலில் நிறைந்திருக்கும் 'ஐஜிஏ' என்ற புரதம் ரத்தத்துக்குப் போகாமல் குடலிலேயே தங்கி, கிருமிகள் குடல் சுவரில் ஒட்டாதபடி பிடித்துக்கொள்கிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அம்மாவின் உடம்பு எந்தக் கிருமிகளைச் சந்தித்ததோ, அவற்றுக்கு எதிராகத்தான் இந்தப் புரதம் உருவாகிறது. புதுக்கோட்டை வீட்டுக் கிருமிக்கு, புதுக்கோட்டை அம்மாவின் பால். இதை எந்த டின்னிலும் வாங்க முடியாது.

'லாக்டோஃபெரின்' என்ற இன்னொரு புரதம், கிருமிகள் வளரத் தேவையான இரும்புச்சத்தைத் தான் பிடித்து வைத்துக்கொள்கிறது. 'லைசோசைம்' கிருமியின் சுவரையே உடைக்கும்.

லாக்டோஃபெரினை மட்டும் பிரித்துக் கொடுத்தால் போதாதா? பசும்பாலிலிருந்து எடுத்த லாக்டோஃபெரினை, பிரிட்டனில் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2,200 குழந்தைகள் பங்கேற்ற ஆய்வு அது. நோய்த்தொற்று குறையவில்லை என்று 2019-ல் முடிவு வந்தது. குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகும் ஆபத்து அதிகம் என்பதால் அவர்களுக்குத் தாய்ப்பால் இன்னும் முக்கியம். தாயிடம் பால் இல்லாதபோது தானப்பால் கொடுக்கத்தான் 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கியது.

அடுத்து, சேனை. பிரசவம் ஆஸ்பத்திரிக்கு மாறிவிட்டாலும் சர்க்கரைத் தண்ணீர், தேன், சில வீடுகளில் கழுதைப்பால் என்று பைக்குள் ஒளிந்து வந்துவிடுகிறது. முக்கியமாக சிசேரியன் ஆனால், "அம்மா மயக்கத்துல இருக்கா, பிள்ளை பசியா கிடக்கு" என்று ஆரம்பிப்பார்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதைகள் பிஞ்சுக் குடலில் முளைத்து விஷம் உண்டாக்கலாம். அதனால் ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. காய்ச்சாத கழுதைப்பாலும் கிருமியோடுதான் வரும். முதுகில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியன் என்றால் அம்மா விழித்திருப்பார். தாயும் பிள்ளையும் நலமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கலாம்.

'பால் பத்தலை' என்று பயப்படாதீர்கள். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவே போதும். பிள்ளையின் வயிறும் சின்னதுதான்.

சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். பாட்டி பிடிவாதம் பிடித்தால் அதையே திருப்பிச் சொல்லுங்கள்: "அவ அம்மா குணம் வரட்டுமே அப்பத்தா!"

பச்சையாக வாந்தி, வயிறு உப்பல், மலத்தில் ரத்தம்... இதில் எது தெரிந்தாலும் கைவைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.