ஊர்ச் சாப்பாடு ஓட்டலுக்கு வரட்டும்

காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்த சிறிய மாவட்டம். பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2 லட்சத்தைச் சற்றே தாண்டும். கிழக்கே கடல், மேற்கே 5 கிலோமீட்டரில் திருநள்ளாறு, தெற்கே பஸ் ஏறினால் சற்று நேரத்தில் நாகூர், சுற்றிலும் காவிரியின் கடைமடை வயல்கள். இந்த வட்டத்துக்குள் டெல்டாவின் சைவச் சமையல், மீனவர் சமையல், மரைக்காயர் வீட்டுச் சமையல் என்று மூன்று மரபுகள் அடுத்தடுத்த தெருக்களில் அடுப்பெரிக்கின்றன. ஆனால், வெளியூரிலிருந்து வரும் ஒருவர் 'பாரம்பரிய தென்னிந்திய உணவு' என்ற பலகையை நம்பி ஓர் ஓட்டலுக்குள் நுழைந்தால், பெரும்பாலும் எந்த ஊரிலும் கிடைக்கிற பட்டியல்தான் கிடைக்கும். காலையில் இட்லி, வடை, பொங்கல், நெய் ரோஸ்ட். மதியம் சாம்பார், ரசம், மோர். இரவில் பரோட்டா, ஃப்ரைடு ரைஸ், கோபி மஞ்சூரியன். இதில் தென்னிந்தியா உண்டு, காரைக்கால் இல்லை. தன் ஊரில் விளைவதையும் பிடிபடுவதையும் சமைக்காத ஓட்டலுக்குப் பாரம்பரியம் என்று பலகை எழுத உரிமை கிடையாது. காரைக்கால் ஓட்டல்கள் அந்த உரிமையைச் சம்பாதித்துக்கொள்ள முடியும். அதற்குப் பெரிய முதலீடும் தேவையில்லை.

ஓட்டல்களில் நாம் பாரம்பரியம் என்று சாப்பிடும் பட்டியலின் வயதைக் கணக்கிட்டால் ஏறக்குறைய நூறு வருஷம்தான் தேறும். பிழைப்புத் தேடி உடுப்பி வட்டாரத்திலிருந்து கிளம்பியவர்கள் நகரங்களில் தொடங்கிய ஓட்டல்கள்தாம் அதற்கு அச்சாரம். பெங்களூரில் மாவள்ளி டிபன் ரூம் 1924இல் தொடங்கியது. சென்னையில் கே.கிருஷ்ணராவ் 1938இல் உட்லண்ட்ஸைத் திறந்தார். 1981இல் வந்த சரவண பவன் அதே பட்டியலைக் கடல் கடந்தும் கொண்டுபோனது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது ரவையை வைத்துச் சமாளித்ததில் பிறந்தது ரவா இட்லி என்று மாவள்ளிக்காரர்களே சொல்கிறார்கள். தட்டுப்பாட்டுக்குப் பிறந்த அந்தப் பலகாரமும் இன்று பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இந்தப் பட்டியலின் வெற்றிக்குக் காரணம் அதன் கச்சிதம். ஒரே மாவில் இட்லியும் தோசையும் ஊத்தப்பமும் வார்க்கலாம். ஓர் அண்டா சாம்பார் காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஓடும். வேலைக்குப் புதிதாக வருகிறவரைச் சீக்கிரம் பழக்கிவிடலாம். எந்தக் கிளையில் உட்கார்ந்தாலும் ருசி மாறக் கூடாது என்பதே அந்தத் தொழிலின் முதல் விதி. ஆகவே, ஓர் ஊருக்கு மட்டுமே உரியது எதுவும் அதற்குள் நுழைய வழியில்லாமல் போனது.

அண்மைக் காலமாக இதன் மேல் ஓர் அலங்காரமும் ஏறியிருக்கிறது. நெடுஞ்சாலை ஓரமெங்கும் பித்தளை டபராவுடன் கும்பகோணம் டிகிரி காபி. செட்டிநாட்டுத் தூண் வைத்த முகப்பு. மண்சட்டியில் பரிமாறும் பிரியாணி. வாசலில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரம். இலையும் பித்தளையும் பார்க்க அழகுதான். ஆனால் அந்த இலையில் விழும் சோறு எங்கே விளைந்தது, மீன் எந்தத் துறையில் இறங்கியது, காய் எந்தப் பருவத்தைச் சேர்ந்தது என்று கேட்டால் பதில் வருவதில்லை. ஓர் ஓட்டலின் பாரம்பரியத்தை அளக்க அதன் முகப்பைப் பார்ப்பதைவிட அதன் கொள்முதல் நோட்டைப் பார்ப்பதே நேர்மையான வழி. மாதத்துக்கு மாதம் அந்த நோட்டு மாறினால் அங்கே சமையல் உயிரோடு இருக்கிறது. வருஷம் முழுக்க ஒரே சரக்கு வந்து இறங்கினால், அது எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றுதான்.

காரைக்காலின் நோட்டில் என்னவெல்லாம் இருக்க முடியும்? விடிகாலையில் துறைமுகத்தில் ஏலம் முடிந்ததும் பெரிய இறாலும் வஞ்சிரமும் ஐஸ் பெட்டிகளில் வெளியூருக்கும் ஏற்றுமதிக்கும் வண்டி ஏறுகின்றன. மத்தி, கவளை, நெத்திலி, காரை போன்ற சில்லறை மீன்களும் திருக்கையும் குட்டிச் சுறாவும் கூடைக்காரப் பெண்கள் வழியாக வீடுகளுக்குப் போகின்றன. ஊரின் உண்மையான சமையல் இந்தக் கூடையில்தான் இருக்கிறது. மத்தி கிடைத்தால் புளியைக் கெட்டியாகக் கரைத்து, பச்சை மாங்காயைக் கீறிப் போட்டு, மீன் கரையாமல் சட்டியைச் சுழற்றி இறக்கும் குழம்பு; திருக்கை என்றால் பூண்டும் மிளகும் தூக்கலாக; சுறா என்றால் வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, வெங்காயத்தோடு வதக்கும் புட்டு; சின்ன இறால் என்றால் வாழைக்காயோ முருங்கைக்காயோ துணைக்கு. ஊருக்குள் வந்தால் மரைக்காயர் வீடுகளின் தேங்காய்ச்சோறும் தாளிச்சாவும் வகைவகையான ஆணங்களும் வட்டிலப்பமும். நோன்புக் கஞ்சியும், இறால் வைத்துப் பொரிக்கும் நாகூர் வாடாவும் அதே வரிசையில் வரும். மேற்கே நகர்ந்தால் அரைத்துவிட்ட சாம்பாரும் பருப்புருண்டைக் குழம்பும் வத்தக்குழம்பும் எள் சாதமும் டெல்டாவின் சைவ இலையை நிரப்பும். இத்தனையும் வீட்டிலும் கந்தூரியிலும் கல்யாணப் பந்தியிலும் மணக்க, கடைத்தெரு ஓட்டலில் மட்டும் காணோம்.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் கனமானது சமூக நீதியின் பக்கத்திலிருந்து வருவது. ஓட்டலின் பொதுப் பட்டியல் யாருடைய வீட்டையும் சாதியையும் சேராதது. காசு கொடுத்தால் எவரும் எவர் பக்கத்திலும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதுதான் அதன் பெருமை. அந்தப் பெருமையும் சும்மா வந்துவிடவில்லை. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கச் சொல்லிப் பெரியார் தொடர் மறியல் நடத்த வேண்டியிருந்தது. அப்படிப் பொதுவான இடத்துக்குள் மறுபடி வீட்டுச் சமையலைக் கொண்டுவந்தால் சாதியும் கூடவே வந்து உட்காராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இன்றைய பொதுப் பட்டியலை உற்றுப் பார்த்தால், அதுவும் முழுக்கப் பொதுவானதாக இல்லை. உடுப்பி அடுப்பில் ஏற முடிந்தது மட்டுமே 'தென்னிந்திய உணவு' என்ற பெயரைப் பெற்றது. மீனவர் குப்பத்துக் கருவாட்டுக் குழம்பும், வயலில் உழைத்தவர்களின் வயல் நண்டு ரசமும் நத்தைக் கறியும் அந்தப் பெயருக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டன. அவற்றையும் விலைப் பட்டியலில் எழுதி, எல்லாரும் உட்காரும் மேசையில் வைப்பதுதான் 1957இல் தொடங்கிய வேலையை முடிப்பதாக இருக்கும். வீட்டுக்குள் இருக்கும்வரை சமையல் சாதியோடு கட்டிப்போடப்பட்டுக் கிடக்கும். ஓட்டலுக்கு வந்தால் ஊருக்குப் பொதுவாகும்.

அடுத்தது கல்லாப்பெட்டியில் உட்கார்ந்திருப்பவரின் கேள்வி: வருகிறவர்கள் இதைக் கேட்கிறார்களா? காரைக்காலுக்கு வரும் கூட்டத்தில் பெரும்பங்கு திருநள்ளாற்றுச் சனீஸ்வரன் கோயிலுக்கு வருவது. சனிக்கிழமைதோறும் கூட்டம், இரண்டரை வருஷத்துக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சி. 2023 டிசம்பர் 20ஆம் தேதி நடந்த பெயர்ச்சியை ஒட்டி லட்சக்கணக்கானோர் வந்து போனார்கள். நளதீர்த்தத்தில் குளித்துவிட்டுப் பசியோடு வரும் குடும்பத்துக்குத் தெரிந்த இட்லி போதும் என்பது உண்மைதான். இன்னொரு கூட்டம், தமிழ்நாட்டைவிட மலிவாகக் கிடைக்கும் மதுவுக்காக எல்லை தாண்டி வருவது. அவர்களுக்கு வேண்டியது வறுவலும் ஊறுகாயும். ஆனால் இட்லியை எடுத்துவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மதியம் ஒரு வேளை, ஒரே ஒரு 'காரைக்கால் சாப்பாடு' என்று தொடங்கினால் போதும்: கடைத்தெருவில் அன்றைய மீனோடு, திருநள்ளாற்றில் டெல்டா சைவத்தோடு. நூறு அயிட்டத்துக்குச் சரக்கு வாங்கி ஃப்ரீசரில் அடைப்பதைவிட அன்று வந்ததை அன்றே சமைத்துத் தீர்ப்பதில் வீணாவது குறைவு. மலிவான மீன்களை வாங்குவதால் அடக்கமும் குறைவு. வாடிக்கையாளர் கேட்கவில்லை என்பதற்குப் பாதிக் காரணம், அவர் கண்ணில் அது பட்டதே இல்லை என்பது. ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் பிரியாணிக்காகப் பயணத்தை நிறுத்துகிறவர்கள் பெருகியது அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரிலேயே அதைத் துணிந்து விற்ற பிறகுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இலும் கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020இலும் புவிசார் குறியீடு பெற்றதும் அப்படிச் சேர்ந்த பெயரால்தான்.

சமைக்க ஆள் எங்கே என்பது மூன்றாவது கேள்வி. ஓட்டல் அடுப்படிகளில் இன்று வடமாநிலத் தொழிலாளர்கள் நிறையப் பேர். அவர்கள் கற்றுக்கொண்டு வந்தது பொதுப் பட்டியலின் கைவேலையை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊர்ச் சமையல் தெரிந்தவர்களோ வீடுகளில் இருக்கும் பெண்கள். அவர்களை அழைத்துவர வழி இருக்கிறது என்பதற்குப் பக்கத்திலேயே சான்றுகள் உண்டு. இலங்கையின் வடக்கில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் சேர்ந்து நடத்தும் 'அம்மாச்சி' உணவகங்களில் உள்ளூர்த் தானியப் பலகாரங்கள் கண்ணெதிரிலேயே தயாராகி மலிவு விலைக்குக் கிடைக்கின்றன. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் பெண்கள் ஊர் ஊராக உணவகம் நடத்துகிறார்கள். தமிழ்நாட்டில் 2013இல் வந்த அம்மா உணவகங்களும் மகளிர் குழுக்களின் உழைப்பில் நிற்பவைதான். காரைக்கால்மேட்டிலும் கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் மீன்குழம்பு வைக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கைகளுக்குச் சமையல் மாஸ்டருக்கு உரிய சம்பளம் கொடுக்கும் மனம்தான் இதுவரை வரவில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் விலை ஏறிவிடுகிறது. ஆனால் இந்தக் கடற்கரை அந்த நாட்களில் பட்டினி கிடந்ததில்லை. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும். அதுவும் போதாதபோது கருவாடும் மாங்காயும் முருங்கைக்காயும் கைகொடுக்கும். கருவாடு என்பதே மீன் வராத நாளுக்காக மீன் வந்த நாளில் செய்து வைத்த ஏற்பாடுதானே! தடை முடிந்த கையோடு ஆனியில் மாங்கனித் திருவிழா வருகிறது. கறி ஆகாத நேரத்தில் பசியோடு வந்த சிவனடியாருக்குச் சோற்றோடு மாங்கனியை வைத்துப் படைத்த புனிதவதியாரைத்தான் இந்த ஊர் காரைக்கால் அம்மையாராகக் கொண்டாடுகிறது. இருப்பதைக் கொண்டு விருந்து வைத்தவரின் ஊரில், இல்லாததைக் காரணம் காட்டி ஊர்ச் சாப்பாட்டை மறுப்பது பொருந்தாது.

எது பாரம்பரியம் என்று யார் தீர்மானிப்பது என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. சாம்பார் தஞ்சை மராட்டியர் அரண்மனையில் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அந்த மராட்டிய அரசிடமிருந்து 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால், 1954 வரை அவர்களிடம் இருந்தது. இங்கிருந்து இந்தோசீனாவுக்குப் போய் வந்தவர்களும் உண்டு. கலப்பில்லாத சமையல் என்று ஒன்று இந்தக் கரையில் இருந்ததே இல்லை. எனவே தூய்மையைக் கோர எந்த நியாயமும் இல்லை. பரோட்டாவும் இன்னும் ஐம்பது வருஷத்தில் இந்த ஊர்ப் பாரம்பரியம் ஆகிவிட்டால் ஆகட்டும். கேட்பதெல்லாம் ஊரோடு தொடர்பு வேண்டும் என்பதே. செட்டிநாட்டுச் சமையலுக்கு நேர்ந்தது இங்கே நேரக் கூடாது. அதன் பெயர் உலகெங்கும் போனது. போன இடமெல்லாம் சிவந்த மசாலாவில் புரட்டியது எதுவோ அதுவே செட்டிநாடு என்று ஆகிவிட்டது. பெயரை விற்று ருசியைத் தொலைத்த கதை அது. அதே டெல்டாவில், திருத்துறைப்பூண்டி அருகே நெல் ஜெயராமன் 2018இல் மறையும்வரை 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி எடுத்து விவசாயிகள் கையில் மறுபடி சேர்த்தார். அவர் நடத்திய விதைத் திருவிழாவில் வாங்கிப்போன நெல்லை விளைவித்தவருக்கு அன்றாடம் வாங்கும் ஓர் ஓட்டல் கிடைத்தால்தான் அந்த வேலை நிலைக்கும்.

ஆகவே, புதுச்சேரி அரசின் சுற்றுலாத் துறை செய்ய வேண்டியது இது: 130 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தலைநகரின் பிரெஞ்சுத் தெருக்களுக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு பங்கைக் காரைக்கால் சாப்பாட்டுக்கும் கொடுக்க வேண்டும். மாங்கனித் திருவிழா, சனிப்பெயர்ச்சி, மஸ்தான் சாகிப் தர்கா கந்தூரி ஆகிய நாட்களில் மகளிர் குழுக்களுக்குக் கடை ஒதுக்கி, ஊர்ச் சமையலை மட்டும் விற்கச் சொல்லலாம். மீனவக் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து ஓட்டல்கள் நேரடியாக வாங்க ஏற்பாடு செய்யலாம். ஓட்டல்காரர்கள் அரசுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை: நாளை மதியம் ஒரு கரும்பலகையில் அன்றைய மீனின் பெயரையும் அரிசியின் பெயரையும் எழுதி வைத்தாலே தொடக்கம்தான். சாப்பிட உட்காருபவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. சர்வர் வந்து நிற்கும்போது, "இன்னைக்கு இந்த ஊர் மீன் என்ன இருக்கு?" என்று கேளுங்கள். நாலு மேசையில் நாலு பேர் தினமும் கேட்டால், ஐந்தாம் நாள் முதலாளி ஏலத்துக்கு ஆள் அனுப்புவார்.