கொசுறு வேண்டாம் பாஸ்!

கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினால் கொத்தமல்லியைக் கொசுறாகக் கேட்டு வாங்குவது நம் பிறப்புரிமை. ஆனால், கேட்காமலேயே நாலு கட்டு கீரையைப் பையில் திணித்துவிட்டு, 'இதை எடுக்கணும்னா தனியா காசு' என்று கடைக்காரர் சொன்னால் எப்படி இருக்கும்? 2008 மார்ச்சில் சோனி கம்பெனி கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. அமெரிக்காவில் தன் வயோ லேப்டாப் சிலவற்றுக்கு 'ஃப்ரெஷ் ஸ்டார்ட்' என்று ஒரு ஆப்ஷன் கொடுத்தது. ட்ரையல் சாஃப்ட்வேர், கேம்ஸ் என்று எந்தக் குப்பையும் இல்லாமல் சுத்தமாகத் தருவோம், அதற்கு 50 டாலர் எக்ஸ்ட்ரா! நெட்டில் கிழி கிழி என்று கிழித்தார்கள். அவசர அவசரமாக அந்தக் கட்டணத்தை வாபஸ் வாங்கிக்கொண்டது சோனி.

ஒரு பொருளை வைக்காமல் இருக்க எதற்குக் காசு? மேட்டர் சிம்பிள். அதை வைப்பதற்கு இன்னொருத்தர் காசு கொடுக்கிறார். லேப்டாப் வியாபாரத்தில் லாபம் ரொம்ப மெல்லிசு. அதனால் ஆன்ட்டிவைரஸ் கம்பெனி, கேம்ஸ் கம்பெனி, ஷாப்பிங் சைட் எல்லோரும் உங்கள் டெஸ்க்டாப்பில் துண்டு போட்டு இடம் பிடிக்க, லேப்டாப் கம்பெனிக்குப் பணம் தருகிறார்கள். பஸ்ஸின் முதுகில் விளம்பரம் ஒட்டுகிற கதைதான். என்ன, இந்த பஸ்ஸுக்கு முழு விலையும் கொடுத்தவர் நீங்கள்! இந்த அழையா விருந்தாளிகளுக்கு 'ப்ளோட்வேர்' என்று பெயர். கடுப்பானவர்கள் 'க்ராப்வேர்' என்பார்கள். அதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.

'இருந்துட்டுப் போகட்டுமே, ஹார்ட் டிஸ்க்குல இடம்தான் நிறைய இருக்கே' என்கிறீர்களா? சூப்பர்ஃபிஷ் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

2014-ன் பிற்பகுதியில் லெனோவா விற்ற வீட்டு உபயோக லேப்டாப்கள் பலவற்றில் இந்த சாஃப்ட்வேரும் சேர்ந்தே வந்தது. வேலை ஒன்றும் பெரிதில்லை. நெட்டில் ஒரு நாற்காலிப் படத்தின் மேல் மவுஸைக் கொண்டுபோனால், அதே மாதிரி நாற்காலி விற்கிற கடைகளின் விளம்பரத்தைக் காட்டும். அவ்வளவுதானே? இல்லை. பேங்க், மெயில் மாதிரியான சைட்கள் எல்லாம் பூட்டுப் போட்ட இணைப்பில் பேசுகிறவை. நடுவில் யாரும் படிக்க முடியாது. அதற்குள்ளும் விளம்பரம் சொருக வேண்டுமே! அதற்காக, 'இவர் சீல் குத்தினால் நம்பலாம்' என்று விண்டோஸ் வைத்திருக்கும் பட்டியலில் சூப்பர்ஃபிஷ் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டது. தபால்காரர் உங்கள் கவரைப் பிரித்து, உள்ளே ஒரு நோட்டீஸைச் சொருகி, தானே ஒரு சீல் குத்தி ஒட்டிக் கொடுத்தால் எப்படியோ, அப்படி. நீங்கள் பார்ப்பது என்னவோ பேங்க் சைட், பக்கத்தில் பூட்டுப் படம். எல்லாம் பக்கா!

இதைவிடப் பெரிய கூத்து, அந்த சீல் எல்லா லேப்டாப்பிலும் ஒன்றே! சீல் குத்தும் ரகசியச் சாவியும் அந்தந்த லேப்டாப்புக்குள்ளேயே கிடந்தது. 2015 பிப்ரவரியில் ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு நிபுணர் உட்கார்ந்து சில மணி நேரத்தில் அதன் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்துவிட்டார். பாஸ்வேர்ட் 'கொமோடியா'. அந்த சாஃப்ட்வேரின் முக்கிய பாகத்தை எழுதிக்கொடுத்த கம்பெனியின் பெயரே அதுதான். வீட்டைப் பூட்டிவிட்டு, சாவியை மிதியடிக்கு அடியில் வைத்து, மிதியடி மேல் 'சாவி கீழே' என்று எழுதிய மாதிரி. அதாவது, அந்த லேப்டாப்போடு ஒரு காபி ஷாப் வை-ஃபையில் நீங்கள் உட்கார்ந்திருந்தால், பக்கத்து டேபிள்காரர் உங்கள் பேங்க்காகவே வேஷம் போடலாம். பிரவுஸர் மூச்சு விடாது.

அமெரிக்க அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்புத் துறையே எச்சரிக்கை விட்டது. லெனோவா மன்னிப்புக் கேட்டு, நீக்குவதற்கு ஒரு டூல் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட்டும் தன் டிஃபெண்டரை விட்டுத் தூக்கவைத்தது. எதற்கு இத்தனை டூல்? ஏனென்றால், சாஃப்ட்வேரை மட்டும் அன்இன்ஸ்டால் செய்தால் அந்த சீல் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது! 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது லெனோவா. முன்கூட்டியே போட்டுத் தரும் சாஃப்ட்வேர்களுக்கு 20 வருஷம் பாதுகாப்புச் சோதனை நடத்தவும் ஒப்புக்கொண்டது.

டெல்லும் சளைக்கவில்லை. 2015 நவம்பரில் அவர்களுடைய லேப்டாப்களில் 'ஈடெல்ரூட்' என்று இதே மாதிரி ஒரு சீல் மாட்டியது. இது விளம்பரத்துக்கு இல்லை, கஸ்டமர் சப்போர்ட்டுக்காம். நீக்கினால் திரும்ப முளைத்தது. அதைப் போட்டுவிடும் ஃபைலையும் சேர்த்துத் தூக்கினால்தான் நிரந்தரமாகப் போனது.

சரி, இப்போது உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம்.

முதலில் ஒரு விஷயம். லேப்டாப்போடு எம்.எஸ். ஆஃபீஸ் இலவசமாக வந்திருந்தால், அது குப்பை இல்லை, விலையில் சேர்ந்தது. அதை உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் ஆக்டிவேட் செய்துவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள். சுத்தம் செய்கிற வேகத்தில் அதை இழந்துவிட்டு, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டைப் செய்யும்போது தேடாதீர்கள். ரெஸ்டோர் பாயின்ட் ஒன்றும் போட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் போய், ஆப்ஸ், அதில் இன்ஸ்டால்டு ஆப்ஸ். லிஸ்ட் அனுமார் வால் மாதிரி நீளும். பயப்படாமல் மேலிருந்து வாருங்கள். கேம்ஸ், ஹோட்டல் புக்கிங், ட்ரையல் வி.பி.என்., 'பி.சி.யை வேகமாக்குகிறேன்' என்று சொல்கிற எதுவாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கலாம். கை வைக்கக் கூடாதவை என்று சில உண்டு. ரியல்டெக், இன்டெல், ஏ.எம்.டி., என்விடியா என்று ஆரம்பிப்பவை பெரும்பாலும் டிரைவர்கள். தூக்கினால் சவுண்ட் போகும், இல்லை டச்பேட் படுத்துக்கொள்ளும். 'விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்' என்று வருஷம் மட்டும் மாறி ஏழெட்டு வரும். டூப்ளிகேட் என்று நினைத்து அழிக்கிறவர்கள் அதிகம். அது டூப்ளிகேட் இல்லை, ஒவ்வொன்றையும் நம்பி ஏதோ ஒரு சாஃப்ட்வேர் ஓடுகிறது. லேப்டாப் கம்பெனியின் சொந்த அப்டேட் ஆப் ஒன்றையும் விட்டுவையுங்கள், பயாஸ் அப்டேட் அது வழியாகவும் வரும்.

எட்ஜ் பிரவுஸரைத் தூக்க முடியவில்லையே என்று கேட்பீர்கள். ஐரோப்பாக்காரர்கள் சட்டம் போட்டு, 2024 முதல் அதை நீக்கும் வசதியை வாங்கிவிட்டார்கள். நமக்கு அந்த பட்டன் இல்லை. விடுங்கள்.

ட்ரையல் ஆன்ட்டிவைரஸ்தான் லேசில் போகாத ஆசாமி. சாதாரணமாக அன்இன்ஸ்டால் செய்த பிறகும் துண்டு துக்கடாக்களை விட்டுவிட்டுப் போகும். மெக்கஃபே, நார்ட்டன் போன்றவை தங்களை நீக்கவே தனி டூல் வைத்திருக்கின்றன. அந்தந்த கம்பெனி சைட்டில் இருந்து மட்டும் எடுத்து ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானாகக் கண் விழிக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியில் போய் பச்சை டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் 'எல்லாத்தையும் ஒரே க்ளிக்ல க்ளீன் பண்ணும் சாஃப்ட்வேர்' தேடிப் போவார்கள். போகாதீர்கள் என்பது என் கட்சி. சிசிக்ளீனர் தெரியும்தானே? 2017-ல் அதன் 5.33 வெர்ஷனுக்குள்ளேயே திருடர்கள் புகுந்து, கம்பெனியின் சொந்த சைட் வழியாகவே வைரஸை அனுப்பினார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கம்ப்யூட்டர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. இத்தனைக்கும் அது பெயர் பெற்ற சாஃப்ட்வேர்.

முழுசா தலை முழுகிடலாமே என்றால், அதற்கும் வழி உண்டு. மைக்ரோசாஃப்ட் சைட்டில் இருந்து மீடியா கிரியேஷன் டூலை எடுத்து, 8 ஜி.பி. பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, புதுசாகவே போட்டுவிடலாம். விண்டோஸோடு வாங்கிய லேப்டாப் என்றால் அதன் சாவி மதர்போர்டிலேயே இருக்கும், தானே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனால் மூன்று முன்ஜாக்கிரதை வேண்டும். ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுங்கள். வை-ஃபை டிரைவரை முன்பே பென்டிரைவில் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் நெட் இருந்தால்தான் டிரைவர் எடுக்கலாம், டிரைவர் இருந்தால்தான் நெட் வரும் என்று முழிக்க வேண்டும். பிட்லாக்கர் ரெகவரி கீ உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பென்டிரைவ் வழி பயமாக இருந்தால், செட்டிங்ஸில் இருக்கிற 'ரீசெட் திஸ் பி.சி.' போதும். கூடவே வந்த ஆப்களையும் திருப்பிப் போடட்டுமா என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

புதுசாகப் போட்டும் திரும்பி வந்த கதை ஒன்று உண்டு. விண்டோஸ் 8 முதல், லேப்டாப் கம்பெனி தன் ஃபைல் ஒன்றை பயாஸுக்குள் வைத்து, ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகும்போதும் விண்டோஸைவிட்டு எடுத்து ஓட்டவைக்க வழி இருக்கிறது. லேப்டாப் திருடு போனால் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் மாதிரியானவற்றுக்காக மைக்ரோசாஃப்ட் வைத்த வாசல் அது. 2015-ல் பார்த்தால், 'லெனோவா சர்வீஸ் எஞ்சின்' அந்த வாசல் வழியாக வந்து உட்கார்ந்திருந்தது. பயாஸ் அப்டேட் விட்டுத்தான் எடுத்தார்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்தக் காலத்து லேப்டாப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கினால், முதல் வேலையாக பயாஸை அப்டேட் செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட்டில் 'மேனேஜ் கம்ப்யூட்டர் செர்டிஃபிகேட்ஸ்' என்று தேடி, நம்பகமான ரூட் பட்டியலில் சூப்பர்ஃபிஷ், ஈடெல்ரூட் பெயர்கள் இருக்கிறதா என்று ஒரு பார்வை.

கடைசியாக, அப்பா மேட்டர். ட்ரையல் முடிந்ததும் திரையின் மூலையில் சிவப்பு எழுத்தில் 'உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது' என்று வரும். நாம் க்ளோஸ் செய்துவிட்டுப் போவோம். அப்பா அப்படி இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கார்டை எடுத்து, ஓ.டி.பி.யும் போட்டுவிட்டு, சாயங்காலம் 'ரினியூ பண்ணிட்டேன்டா' என்பார். அவரைத் திட்டாதீர்கள், பயமுறுத்துவதற்கென்றே எழுதிய வரி அது. அந்த ஆன்ட்டிவைரஸ் கம்பெனியின் சைட்டில் அப்பாவின் அக்கவுன்ட்டுக்குள் போய், ஆட்டோ ரினியூவலை ஆஃப் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் இருந்து சாஃப்ட்வேரைத் தூக்கினால் மட்டும் சந்தா நிற்காது. அடுத்த வருஷமும் கார்டில் இருந்து பணம் போய்க்கொண்டுதான் இருக்கும்.