ஒரே விலை, நாளுக்கொரு சுவை



சிங்கப்பூரில் பிழைப்பின் பொருட்டு வாழும் எங்கள் குடும்பத்திற்கு, மாதம் ஒருமுறை வெளியே சென்று உண்பது வழக்கம். ஊரில் என்றால் பெரியம்மா வீட்டு அழைப்பு, மாமி வீட்டு அழைப்பு, திருமண வீட்டில் நான்கைந்து பேர் சூழ்ந்தமர்ந்து உண்ணும் சகன் என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். இங்கே அழைப்பதற்கு உறவினர் இல்லை. ஆகவே சம்பளம் வந்த வாரத்தில் மஃரிபைப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, பிள்ளைகளுடன் ஓர் உணவகத்தில் அமர்வோம்.

அப்படிப் பலமுறை சென்ற ஓர் உணவகத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். மலாய், இத்தாலிய, இந்தியச் சமையல்களைக் கலந்து பரிமாறும் ஃபியூஷன் உணவகம் அது. முறையான ஹலால் சான்றிதழ் சுவரில் இருக்கிறது. உணவகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதன் காரணம் கட்டுரையைப் படித்து முடிக்கையில் விளங்கும்.

முதல் முறை ரெண்டாங் பாஸ்தா உண்டோம். தேங்காய்ப்பாலில் நெடுநேரம் வெந்த இறைச்சி, விரல் பட்டதும் உதிர்ந்தது. பிள்ளைகள் தட்டை வழித்து உண்டனர். இரண்டாம் முறை, ஊரிலிருந்து வந்திருந்த உம்மாவை அழைத்துச் சென்றோம். அதே உணவு, அதே விலை. ஆனால் இறைச்சி மெல்ல முடியாதபடி இருந்தது, உப்பும் கரித்தது. உம்மா இரண்டு வாய் உண்டு, தட்டை மெல்ல நகர்த்தி வைத்து, “சமைச்ச பிள்ளைக்கு இன்னைக்கு என்ன கவலையோ” என்றார்கள். மூன்றாம் முறை பாஸ்தா மீண்டும் நன்றாக இருந்தது. மீன் ஆணம் ஊற்றிய சோறு ஆறிப்போய் வந்தது. நான்காம் முறை இரண்டுமே சரியில்லை.

விலைப்பட்டியலில் 100 வெள்ளிக்கு உண்டால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் அதன்மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் சேர்ந்து ஏறத்தாழ 120 வெள்ளி ஆகிவிடும். ஊருக்கு அனுப்பும் பணத்தையும் வாடகையையும் கணக்கிட்டு வாழும் குடும்பத்திற்கு அது சிறிய தொகையன்று.

“கலப்புச் சமையல் என்றாலே இப்படித்தான்” என்று நண்பர் ஒருவர் கூறினார். அதை நாங்கள் ஏற்கவில்லை. நம் சமுதாயத்தின் சமையலே பெரும்பாலும் கலப்பில் பிறந்ததுதான். சீனர்களின் மஞ்சள் மீயை மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் சேர்த்து வறுத்து மீ கோரெங் ஆக்கியவர்கள் நம் முன்னோராகிய முஸ்லிம் கடைக்காரர்கள். பினாங்கில் காவடித்தடியில் சோற்றையும் ஆணத்தையும் சுமந்து விற்றவர்களிடமிருந்து நாசி கண்டார் வந்தது. கீழக்கரையின் தொதலும் மலாய்த் தீவுகளின் டோடோலும் பெயராலும் பண்டத்தாலும் ஒன்றே. கடல் கடந்து சென்ற இடத்தின் பொருளைத் தம் கைப்பக்குவத்தில் சேர்த்த அவர்கள், நாள்தோறும் ஒரே சுவையில் விற்றதால்தான் அப்பெயர்கள் நிலைத்தன. ஆகவே குறை கலப்பில் இல்லை.

நான்காம் முறை உண்டு முடித்ததும் எங்கள் மகன் கைபேசியை எடுத்து, ஒற்றை நட்சத்திரம் இட்டு, “சமையல்காரருக்குச் சமைக்கவே தெரியாது” என்று எழுதத் தொடங்கினான். அனுப்புமுன் நிறுத்தச் சொன்னோம். “பொய்யா எழுதுறேன் வாப்பா? நாலு தடவை வந்தோமே” என்றான். அவன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடியபோது எங்களுக்கு விளங்கியவற்றையே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விருப்பமிருந்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். உம்மா தட்டை நகர்த்தி வைத்ததும் அந்த வழிமுறையே. உணவைக் கொண்டுவரும் பணியாளரை உடன் அமர்த்திக்கொள்ளுங்கள், இயலாவிடில் ஓரிரு கவளமேனும் அவருக்குக் கொடுங்கள், ஏனெனில் அடுப்பின் சூட்டைத் தாங்கியவர் அவர் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். சமைத்தவரின் உழைப்பை உண்பவர் மறக்கலாகாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

அப்படியானால் வாய்மூடிப் பணம் கொடுத்து வர வேண்டுமா? இல்லை. வீட்டில் பரிமாறப்படும் உணவு அன்பளிப்பு. கடையில் விற்கப்படும் உணவு வணிகம். வணிகத்திற்கு வேறு அளவுகோல் உண்டு. சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபி (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. நனைந்ததை அடியில் வைத்து, உலர்ந்ததை மேலே காட்டியதே குற்றம்.

இதை மகனுக்குச் சொல்லிவிட்டு, மேலாளரிடம் சென்று தனியே பேசினோம். எவர்மீதும் கோபமில்லை, நான்கு முறை வந்தோம், நான்கு விதமாக இருந்தது என்று மட்டும் கூறினோம். அவர் சற்றுத் தயங்கி, பின் உண்மையைச் சொன்னார். பட்டியலில் அறுபதுக்கும் மேற்பட்ட உணவுகள். தலைமைச் சமையற்காரர் வார இறுதியில் மட்டுமே வருகிறார். மற்ற நாள்களில் இரண்டு இளைஞர்கள் அத்தனையையும் சமைக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளை. வந்து ஆறு மாதங்களே ஆகின்றன. ரெண்டாங் வேக வேண்டிய நேரம் வார நாள்களில் அவருக்குக் கிடைப்பதில்லை.

மகன் எழுதவிருந்த அந்த ஒரு வரி யார்மீது விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். முதலாளி மீது விழுந்திராது. வேலை அனுமதிச் சீட்டை நம்பி, ஊரில் கடன் வைத்துவிட்டு வந்திருக்கும் அந்தப் பிள்ளை மீதுதான் விழுந்திருக்கும். அதே நேரத்தில், நிர்வாகத்தின் தவறும் எங்களுக்குத் தெளிவாகப் புலப்பட்டது. ஆள் குறைவு என்பது மழையைப் போன்றது, எவருக்கும் நேரலாம். அதை மறைத்து, ஒரே பெயரில், ஒரே விலையில் இருவேறு தரத்தை விற்பது நனைந்த தானியத்தை அடியில் வைப்பதற்கு ஒப்பானது. வார நாள்களில் செய்ய முடிந்த பத்து உணவுகளை மட்டும் பட்டியலிட்டால் எவரும் குறை சொல்லப்போவதில்லை என்று மேலாளரிடம் கூறிவிட்டு வந்தோம்.

இங்கு இன்னொன்றையும் நாம் சிந்திக்க வேண்டும். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் 1978-ஆம் ஆண்டு முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. சான்றிதழ் பெற்ற உணவகம் பொருள்கள் வாங்கிய பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும். முன்னறிவிப்பின்றிச் சோதனையும் நடக்கலாம். அதனால் நாமும் கவலையின்றி அமர்கிறோம். ஆனால் குர்ஆன் ஹலாலைச் சொல்லுமிடத்தில் தய்யிப் என்பதையும், அதாவது தூய்மையும் நன்மையும் உடையதையும், சேர்த்தே சொல்கிறது. முதலாவதைச் சோதிக்க அதிகாரி வருகிறார். சமையலில் காட்டும் அக்கறையைச் சோதிக்க எவரும் வருவதில்லை. ஒவ்வொரு செயலிலும் இஹ்ஸானை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்ற உணர்வு ஒன்றே அங்கே காவல்.

உண்பவரின் கடமைகள் என்னவென்று கேட்டால் நாங்கள் இவ்வாறு சொல்வோம். சுவை குறைந்திருந்தால் முதலில் அங்கேயே, தனியே, மென்மையாகச் சொல்லுங்கள். திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுங்கள். பிறகும் எழுத வேண்டியிருந்தால், எந்த நாள், எந்த உணவு, என்ன குறை என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். நன்றாக இருந்ததையும் எழுதுங்கள். சமைத்தவரின் திறமையையும் குணத்தையும் ஊகித்து எழுதுவது புறத்தின் எல்லையைத் தொட்டுவிடும். ஹலால் தொடர்பான ஏமாற்றையோ சுகாதாரக் கேட்டையோ கண்டால் மட்டும் தயங்க வேண்டியதில்லை. முன்னதை முயிஸுக்கும் பின்னதைச் சிங்கப்பூர் உணவு அமைப்புக்கும் தெரிவிப்பது பிறருக்கு நாம் செய்யும் நன்மை.

இறுதியாக, எங்களை நோக்கியே ஒரு கேள்வி. பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாகக் கேட்டு, தாம் அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களை ‘முதஃப்பிஃபீன்’ அத்தியாயம் கண்டிக்கிறது. சமையற்காரரிடம் நாள்தோறும் ஒரே தரத்தை எதிர்பார்க்கும் நாம், நம் அலுவலகத்தில் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒரே அக்கறையுடன் உழைக்கிறோமா? ரமலானில் தொழுத தொழுகை ஷவ்வாலில் எவ்வளவு எஞ்சுகிறது? செயல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது, அறுபது உணவுகளைப் பட்டியலிட்டுத் தடுமாறும் அந்தச் சமையலறைக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை அங்கே மீண்டும் சென்றோம். பட்டியல் பழையதே. ஆயினும் ரெண்டாங் பாஸ்தா கேட்டபோது, “இன்று அது சரியாக வராது, சனிக்கிழமை வாருங்கள்” என்று பணியாளரே சொல்லிவிட்டார். சம்பலும் சோறும் வாங்கி உண்டோம், நன்றாக இருந்தது. புறப்படுமுன் மகன் சமையலறை வாசலில் நின்று அந்த இராமநாதபுரத்துப் பிள்ளைக்கு ஸலாம் சொல்லி, “சாப்பாடு நல்லா இருந்துச்சு காக்கா” என்றான்.

உண்பதிலும் உழைப்பதிலும் நேர்மையையும் நிலைத்தன்மையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.