கம்பளி பெறுவோரின் முகம்

சென்ற ஆண்டு மார்கழியில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். மலைக்குளிர் கடுமையாக இருந்த அந்நாட்களில், நோயாளிகளுக்குத் துணையாக வந்து தாழ்வாரத்தில் படுத்துறங்கியவர்களுக்குக் கம்பளி வழங்கினோம். வழங்கியது பிழையன்று. அவர்களை வரிசையில் நிறுத்தி, கம்பளியை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லி, நிழற்படம் எடுத்து, அதை இவ்விதழின் முகப்பிலும் அச்சிட்டோம். சில வாரங்கள் கழித்து, பிள்ளைக்குக் குணமாகி வீடு திரும்பிய தாய் ஒருவர் கம்பளியை அழகாக மடித்துக் கட்டிலின்மேல் வைத்துவிட்டுச் சென்றார். மறந்துவிட்டார் போலும் என்று செவிலியர் வாயில்வரை ஓடிப்போய்க் கொடுத்தார். அவர் வாங்கவில்லை. "வேண்டாம் சிஸ்டர். ஊர்ல எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துட்டாங்க" என்று மட்டும் சொன்னார்.

இந்த ஆண்டின் குளிர் தொடங்குமுன் இதைப் பற்றி எழுதியாக வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. குளிரில் உதவுவோருக்கு இந்த இக்கட்டு புதிதும் அன்று. நம் மார்கழியைக் காட்டிலும் பன்மடங்கு கொடிய ஒரு குளிரில், கிறித்தவ மருத்துவப்பணி ஒன்று பல ஆண்டுகள் இதனோடு போராடியிருக்கிறது.

வட அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் லாப்ரடார் என்னும் கடற்கரை உள்ளது. இன்று அது கனடாவின் பகுதி. 1892ஆம் ஆண்டில், ஆழ்கடல் மீனவர்க்கான ஓர் ஆங்கிலேய அருட்பணி அமைப்பு வில்ஃபிரட் கிரென்ஃபெல் என்னும் இளம் மருத்துவரை ‘ஆல்பர்ட்’ என்ற கப்பலில் அங்கே அனுப்பியது. அந்த ஒரு கோடையில் மட்டும் அவர் ஏறத்தாழ 900 நோயாளிகளைப் பார்த்தார்.

கரையில் வாழ்ந்த மக்களுள் பெரும்பாலோர் சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்த எளிய மீனவர்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே சில வேளை பல மைல் தொலைவு இருக்கும். ஆண்டில் ஓரிருமுறை போதகர் வந்தால் உண்டு. மற்ற ஞாயிறுகளில் வீட்டிலேயே மறைநூலை வாசித்து வழிபட்டார்கள். கடல் உறைந்துவிட்டால் கப்பல் வராது. வேனிலில் பனி உருகும்வரை, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி ஒன்றே வழி.

குளிரைவிடக் கொடியது கடன். வசந்தத்தில் வணிகர் மாவும் தேயிலையும் உப்பும் வலையும் கடனாகக் கொடுப்பார். இலையுதிர் காலத்தில் காட் மீனை எடுத்துக்கொள்வார். இரண்டுக்கும் விலை குறிப்பவர் அவரே. காசு என்பதையே காணாமல் பலர் வாழ்ந்து மடிந்தார்கள். மீன் குறைந்த ஆண்டில் குளிர்காலத்து உணவுப்பொருளைக் கொடுக்க வணிகர் தயங்குவார். அப்போது ஒரு குடும்பம் வெள்ளை மாவையும் தேநீரையும் மட்டுமே நம்பி மாதக்கணக்கில் காலம் தள்ள நேரும். காசநோயும் பெரிபெரியும் அங்கே பரவியிருந்ததில் வியப்பில்லை. (அக்கரையின் பெரிபெரியைப் பற்றி 1930இல் ஆய்வுரை வெளியிட்ட வாலஸ் அய்க்ராய்டு என்னும் அறிஞரே, 1935 முதல் நம் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். அங்கே வெள்ளை மாவு, இங்கே தீட்டிய அரிசி.)

முதல் கோடையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கிரென்ஃபெல் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். ஒரு மாலையில் சிதைந்த படகொன்றில் வந்த மனிதர், நீங்கள் மெய்யாகவே மருத்துவரா என்று கேட்டு, பணம் இல்லை என்பதையும் சொல்லிவிட்டு, கரைக்கு அழைத்துச் சென்றார். புற்கட்டியால் எழுப்பிய, மண்தரையுள்ள ஒரு குடிசை. உள்ளே நிமோனியா கண்ட மீனவர், அவர் வாயில் கரண்டியால் தண்ணீர் ஊட்டும் மனைவி, மூலையில் ஒடுங்கிய பிள்ளைகள். சேர்ப்பதற்கு மருத்துவமனை இல்லை. மருத்துவரால் அங்கேயே தங்கவும் இயலவில்லை. மருந்து கொடுத்துவிட்டுச் சென்றார். திரும்பி வந்தபோது அந்த மீனவர் இறந்திருந்தார். குடும்பத்தின் முன் ஒரு நீண்ட குளிர்காலம் இருந்தது.

1893இல் பேட்டில் ஹார்பர் என்னுமிடத்தில் முதல் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதற்குக் கட்டடம் கொடுத்தவர் ஒரு வணிகரே என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னர் செயின்ட் ஆன்டனி என்ற ஊர் பணியின் தலைமையிடமாயிற்று. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த சபைகளிலிருந்து பழைய உடைகள் வந்து குவிந்தன. அவற்றைக் கொடுக்கும் முறைதான் எங்கள் பொருள்.

உடல்வலிமை உள்ளவர் எவருக்கும் உடையைச் சும்மா கொடுப்பதில்லை என்று அப்பணியினர் முடிவு செய்தார்கள். விறகு வெட்டலாம், வேலி கட்டலாம், சுமை இழுக்கலாம். அதற்கு ஈடாக உடை. கேட்பதற்கு இது கடுமையாக இருக்கும். நாங்களும் முதலில் முகம் சுளித்தோம். குளிரில் நடுங்குபவரிடம் வேலை கேட்பதா? ஆனால் காலமெல்லாம் வணிகரின் கணக்கேட்டில் கடன்காரராகவே நின்ற மனிதர், தாம் வெட்டிய விறகுக்கு ஈடாக ஒரு மேலங்கியைப் பெற்றுச் செல்லும்போது, தலை குனிய வேண்டியதில்லை அல்லவா? 1896இல் ரெட் பே என்னும் ஊரில் மீனவர்களின் கூட்டுறவுக் கடை தொடங்கப்பட்டதும் இதே எண்ணத்தால்தான்.

இதில் எங்கள் மனத்தைக் கவர்ந்தது பெண்களின் கைவேலை. குளிர்காலத்தில் சணல் சாக்கின்மேல் கந்தல் துணியைக் கொக்கியால் கோத்து மிதியடி செய்வது அக்கரைப் பெண்களிடம் முன்பே இருந்த வழக்கம். 1906இல் ஜெஸ்ஸி லூதர் என்னும் அமெரிக்கப் பெண்மணி அங்கே கைத்தொழில் பிரிவைத் தொடங்கினார். கைவேலையால் நோயாளரைத் தேற்றும் முறையில் பயிற்சி பெற்றவர் அவர். நாளடைவில் பணியினர் அந்த மிதியடிகளை அமெரிக்க நகரங்களில் விற்றார்கள். பின்னாளில் கிழிந்த பட்டுக் காலுறைகளை அனுப்புமாறு அந்நகரப் பெண்களைக் கேட்டார்கள். தூக்கியெறிய வேண்டிய காலுறை சாயம் ஏறி, கீற்றாக வெட்டப்பட்டு, சறுக்குவண்டியும் பனிக்கரடியும் வாத்துக் கூட்டமுமாக மாறியது. பிறர் கழித்த பொருள்தான். ஆனால் அதைப் பெற்ற பெண் அதைவிட மதிப்புள்ள ஒன்றைத் திருப்பி அனுப்பினாள்.

குறை இல்லாமல் இல்லை. கோடு நேராக இராத மிதியடி திருப்பி அனுப்பப்பட்டது. வடிவங்களைப் பணியினரே வரைந்து கொடுத்ததால் பெண்களின் சொந்தக் கோலங்கள் பின்னுக்குப் போயின. அது எங்களுக்கு உடன்பாடன்று. லாப்லாந்திலிருந்து 300 கலைமான்களைப் பாலுக்காகக் கொண்டுவந்த திட்டமும் நிலைக்கவில்லை.

அவற்றினும் பெரிய குறை வேறொன்று. நிதி திரட்டுவதற்காகக் கிரென்ஃபெல் வெளிநாடுகளில் சொற்பொழிவாற்றினார். கந்தலுடுத்த குழந்தைகளின் படங்களைத் திரையில் காட்டினார். எங்களை உலகின்முன் இரவலராக்கிவிட்டார் என்று நியூஃபவுண்ட்லாந்து மக்கள் பலர் சினந்தனர். அவரால் உயிர் பிழைத்தவர் பலர் என்பது மெய். ஆயினும் அந்தச் சினமும் நியாயமானதே. கரையில் அவ்வளவு கருத்தாகக் காத்த மானத்தை அவர் மேடையில் செலவழித்துவிட்டார். எங்கள் முகப்புப் படமும் அதே வகையைச் சேர்ந்தது. கம்பளியை மடித்து வைத்துச் சென்ற தாய்க்கு இது கிரென்ஃபெல்லைப் படிக்காமலே தெரிந்திருந்தது.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறோம். வேலைக்கு ஈடாக உதவி என்பதை நோயாளியிடம் ஒருபோதும் சொல்லக்கூடாது. படுத்திருப்பவர், அறுவை முடிந்தவர், இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொள்பவர் எவருக்கும் எதையும் ஈடு செய்யும் கடமை இல்லை. ஆனால் வாரக்கணக்கில் தங்கியிருக்கும் துணைவர்களுள், "நாங்க ஏதாவது செய்றோமே" என்று தாமாகக் கேட்பவர்கள் உண்டு. இதுவரை நாங்கள் அவர்களைப் புன்னகைத்து உட்கார வைத்தோம். அது பரிவு என்று நினைத்திருந்தோம்.

இந்த மார்கழியில் கம்பளி வழங்கும் விழா இராது, படமும் இராது. கம்பளிகள் ஒவ்வொரு வார்டிலும் செவிலியர் அறையை அடுத்த அலமாரியில் இருக்கும். வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்; பெயரேடு இல்லை. வீடு திரும்பும்போது கொண்டுசெல்வதும் விட்டுச் செல்வதும் உங்கள் விருப்பம். கிழிந்த கம்பளிகளுக்கு ஓரம் தைப்பதற்குத் தையல் தெரிந்த கைகள் தேவைப்படுகின்றன. மாலை நான்கு மணிக்கு மேல் சலவைக்கூடத்தில் இரண்டு தையல் இயந்திரங்கள் ஓய்வாக இருக்கும்.