ஐந்நூறு என்றால் ரூபாயா, யூரோவா?

ஓய்வு பெற்றபின் கேமராவைக் கையில் எடுத்தவர்கள் நம்மில் பலர். பேரன் காதுகுத்து, மாசிமகத் தீர்த்தவாரி, கடற்கரைச் சூரியோதயம் என்று எதையும் விடுவதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருந்த படம், பாரீஸில் இருக்கும் மகனிடம் போனதும் வெளுத்துத் தெரிகிறதாம். பல நேரம் இதில் கேமராவின் குற்றம் ஒன்றுமில்லை. படத்தை எக்ஸ்போர்ட் செய்யும்போது 'கலர் ஸ்பேஸ்' என்று ஒரு கட்டம் வருமே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

டிஜிட்டல் படம் என்பது வெறும் எண்கள். சிவப்பு 200, பச்சை 40, நீலம் 50 என்று ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள். எந்த அளவுகோலில் 200 என்று சொல்வதுதான் கலர் ஸ்பேஸ். புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. பென்ஷன் 500 என்று எழுதிவிட்டு, ரூபாயா யூரோவா என்று சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

கண்ணுக்குத் தெரியும் நிறங்களை அளந்து 1931-இல் ஒரு முறைக்குள் கொண்டுவந்தது பன்னாட்டு ஒளியமைப்பு ஆணையம். அதை இன்றும் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளால் 'சி.ஐ.இ.' என்றுதான் அழைக்கிறார்கள். பிரெஞ்சில் படித்த எனக்கு அதில் சின்னப் பெருமை. பின்னால் வந்த கலர் ஸ்பேஸ்களுக்கெல்லாம் அதுதான் அடிப்படை. எச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்வைத்தது எஸ்ஆர்ஜிபி. 1998-இல் வந்த அடோபி ஆர்ஜிபி அதைவிட அகலம். பச்சையும் நீலப்பச்சையும் அதில் கூடுதலாக அடங்கும்.

"அகலமானதுதானே நல்லது?" என்பார்கள் இளைஞர்கள். படத்தைத் திருத்தும்போது நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளியே அனுப்ப என் ஓட்டு எஸ்ஆர்ஜிபிக்கே. படத்தோடு போகும் 'புரொஃபைல்' என்ற சீட்டைப் படிக்காத மென்பொருள், எந்தப் படத்தையும் எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது அடோபி ஆர்ஜிபி படத்தில் மயில்கழுத்துப் பட்டு சாயம் போனதுபோல் ஆகிவிடும். முகங்களில் ரத்தமே இருக்காது. பிரிண்ட் போடும் கடைகளிலும் பெரும்பாலும் எதிர்பார்ப்பது எஸ்ஆர்ஜிபியைத்தான். நாம் அனுப்பும் படம் எந்தத் திரையில் திறக்கப்படும் என்று நமக்கு எப்படித் தெரியும்? எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் நோட்டைக் கொடுத்தனுப்புவதே புத்திசாலித்தனம்.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள். 'கன்வர்ட்' வேறு, 'அசைன்' வேறு. அசைன் என்பது ஃபைலின் மேலட்டையை மட்டும் மாற்றுவது. உள்ளே இருக்கும் காகிதம் மாறாது. கன்வர்ட் செய்து, புரொஃபைலையும் சேர்த்தே அனுப்புங்கள். மூலப் படத்தைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள். நிறங்கள் அத்தனையும் அதில் பத்திரமாக இருக்கும்.

இதெல்லாம் வயதான காலத்தில் தேவையா என்று கேட்கலாம். லீவு கிடைக்காமல் தங்கை கல்யாணத்துக்கு வர முடியாத மகளுக்கு, முகூர்த்தப் புடவையின் நிறம் நாம் அனுப்பும் படத்தில் தெரிவதுதான். அதைச் சரியாக அனுப்பக் கட்டத்தில் ஒரு டிக் போதும்.